மைதானத்தில் பீருக்குத் தடை: எங்கே, எப்போது, யாருக்கு?

2022 நவம்பர் 18, வெள்ளிக்கிழமை. கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்க இரண்டே நாள் பாக்கி. மைதானங்களைச் சுற்றிச் சிவப்புக் கூடாரங்களைப் போட்டு, கடை விரிக்கத் தயாராக இருந்தது பட்வைசர் பீர் நிறுவனம். அன்றைக்கு உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா ஒரு சிறிய அறிக்கை விட்டது. மைதான வளாகங்களில் இருக்கும் பீர் விற்பனை இடங்கள் அகற்றப்படுகின்றன, அவ்வளவுதான். பட்வைசரின் ட்விட்டர் பக்கத்தில் 'அடடா, சங்கடமாப் போச்சே' என்ற தொனியில் ஒரு வரி வந்தது. கொஞ்ச நேரத்தில் அதையும் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை அல் பைத் மைதானத்தில் முதல் ஆட்டம். கத்தாரை எதிர்த்து ஈக்வடார் ஆடியது. ஆட்டத்தின் நடுவே ஈக்வடார் ரசிகர்கள் 'எங்களுக்கு பீர் வேண்டும்' என்று ஸ்பானிய மொழியில் கூட்டாகக் கோஷம் போட்டார்கள். அவர்கள் அணி 2-0 என்று ஜெயித்த ஆட்டம் அது. அதனால் அந்தக் கோஷத்தில் கோபத்தைவிடக் குறும்புதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கதையைப் பலரும் 'கத்தார் உலகக் கோப்பையில் மதுவுக்குத் தடை' என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் தோஹாவில் உரிமம் பெற்ற ஹோட்டல்களில் மது கிடைத்தது. அல் பித்தா பூங்காவில் ஃபிஃபா நடத்திய ரசிகர் திருவிழாவில் மாலை ஆனதும் பட்வைசர் விற்றார்கள். அரை லிட்டர் 50 ரியால். ஒருவர் நான்குக்கு மேல் வாங்க முடியாது. மைதானத்துக்குள்ளேயேகூட, பெரும் பணம் கொடுத்து எடுத்த விருந்தினர் அறைகளில் மது பரிமாறப்பட்டது. சாதாரண டிக்கெட் எடுத்து வந்தவருக்கு மட்டும் ஆல்கஹால் இல்லாத பட்வைசர் ஸீரோ.

ஆக, தடை என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டால் ஒன்றும் புரியாது. எந்த வேலிக்குள்? எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை? எந்த டிக்கெட்காரருக்கு? எவ்வளவு வீரியமுள்ள சரக்குக்கு? இதையெல்லாம் கேட்டுப் பார்த்தால்தான் ஒவ்வொரு போட்டியிலும் உண்மையில் என்ன நடக்கிறது என்று பிடிபடும்.

கத்தாரையே எடுத்துக்கொள்வோம். அதே ஆண்டு செப்டம்பரில் சொல்லப்பட்ட ஏற்பாட்டிலும் இருக்கைக்குப் பீரை எடுத்துப் போக முடியாது. மைதானத்தின் வெளிவேலிக்கும் பார்வையாளர் அரங்குக்கும் நடுவே ஒரு திறந்தவெளி இருக்கும் அல்லவா, அங்கே ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தும், ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரமும் விற்பது என்றுதான் திட்டம். கடைசி நேரத்தில் பறிபோனது அந்தத் திறந்தவெளி. நிலப்பரப்பில் பார்த்தால் சின்ன மாற்றம். ஆனால் ரசிகர்கள் டிக்கெட் வாங்கி, விமானம் ஏறி வந்துவிட்ட பிறகு செய்த மாற்றம் என்பதால்தான் அத்தனை கூச்சல்.

முடிவு யார் கையில்?

ஃபிஃபாவுக்கென்று சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. அது சுவிட்சர்லாந்தில் பதிவான ஒரு சங்கம். மது விற்கலாமா கூடாதா என்பது போட்டியை நடத்தும் நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. ஆனால் உலகக் கோப்பையை நடத்தும் உரிமை வேண்டும் என்றால் அந்த நாட்டு அரசு ஃபிஃபாவுக்குப் பல உத்தரவாதங்களை எழுதிக் கொடுக்க வேண்டும். விளம்பரதாரர்களின் வணிக உரிமையைக் காப்பாற்றிக் கொடுப்போம் என்பதும் அவற்றில் ஒன்று. பட்வைசர் 1986 முதல் உலகக் கோப்பையின் ஸ்பான்சர். கத்தார் போட்டிக்கு அதன் தாய் நிறுவனமான ஏபி இன்பெவ் சுமார் 7.5 கோடி டாலர் கொடுத்ததாக அப்போது செய்திகள் வந்தன. இப்படிப் பணம் கொடுத்தவர் ஒருபக்கம், நாட்டின் சட்டமும் வழக்கமும் மறுபக்கம். நடுவில் ஃபிஃபா.

இந்த இழுபறியில் ஃபிஃபா ஜெயித்த கதை பிரேசிலில் நடந்தது. மைதான வன்முறை தாங்காமல், 2003-இல் வந்த ரசிகர்கள் தொடர்பான சட்டத்தை ஒட்டி, அந்த நாட்டு மைதானங்களில் மது விற்பனை நின்றுபோயிருந்தது. 2014 உலகக் கோப்பைக்கு அந்த விதியைத் தளர்த்தியே ஆக வேண்டும் என்றது ஃபிஃபா. அப்போதைய பொதுச் செயலாளர் ஜெரோம் வால்க், 2012 ஜனவரியில் அங்கே போய், மதுபானம் உலகக் கோப்பையின் ஒரு பகுதி, இதில் பேரத்துக்கே இடமில்லை என்று சொன்னார். தான் பேசுவது கொஞ்சம் திமிராகத் தெரிந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். பிரேசில் அரசியல்வாதிகளில் பலர் கொதித்தார்கள். ஆனாலும் அந்த ஆண்டே உலகக் கோப்பைக்கான தனிச் சட்டம் நிறைவேறியது, பீர் உள்ளே வந்தது. வேடிக்கை என்னவென்றால், போட்டி நடந்துகொண்டிருந்தபோது மைதானத்தில் இவ்வளவு பேர் போதையில் இருக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டவரும் அதே வால்க்தான்.

2018-இல் ரஷ்யாவும் தன் மைதான விதிகளைத் தளர்த்தியது. அங்கே பெரிய ரகளை எதுவும் இல்லை.

கத்தாரில் காற்று திசை மாறியது. 2010 டிசம்பரில் போட்டி அவர்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, ரசிகர்களுக்கு மது கிடைக்க வழி செய்வோம் என்றே பேச்சு இருந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, தொடங்க நாற்பத்தெட்டு மணி நேரம் இருக்கும்போது, நடத்தும் நாடு முடியாது என்றது. ஃபிஃபாவால் என்ன செய்ய முடியும்? போட்டியை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? கடைசி நாட்களில் பிடி முழுக்க நடத்தும் நாட்டின் கையில்தான் இருக்கிறது.

மறுநாள் செய்தியாளர்களிடம் பேசிய ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோ, ஒரு நாளில் மூன்று மணி நேரம் பீர் குடிக்காவிட்டால் யாரும் செத்துவிட மாட்டார்கள் என்ற மாதிரி சொன்னார். பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல், ஸ்காட்லாந்து ஆகிய இடங்களிலும் இதே விதிதானே என்றும் கேட்டார். நழுவுகிற பேச்சு மாதிரி இருந்தாலும், இந்த இரண்டாவது கேள்வி நியாயமானது. மைதானத்தில் மதுவைத் தடுப்பது வளைகுடா நாடுகளின் கண்டுபிடிப்பு அல்ல. ஐரோப்பா அதை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறது.

ஐரோப்பாவில் தடை வந்த விதம்

1980 மே 10. கிளாஸ்கோ நகரத்தின் ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம். செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டும் ஜென்மப் பகையாளி அணிகள். செல்டிக் 1-0 என்று வென்றதும் அதன் ரசிகர்கள் வேலி தாண்டி உள்ளே ஓடினார்கள். எதிர்ப்பக்கத்து ரசிகர்களும் இறங்கினார்கள். பாட்டிலும் டப்பாவும் பறந்தன. குதிரைப் போலீஸ் ஆடுகளத்துக்குள் புகுந்து விரட்டியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அதே ஆண்டு ஸ்காட்லாந்தில் சட்டம் வந்தது: கால்பந்து மைதானத்தில் மது இல்லை. ரக்பி ஆட்டத்துக்கு அங்கே பீர் விற்கிறார்கள் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். குடிப்பவர் யார் என்பதைப் பொறுத்துச் சட்டத்தின் முகம் கொஞ்சம் மாறத்தான் செய்கிறது.

அப்புறம் 1985. மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூலும் யுவென்டஸும் மோதவிருந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே லிவர்பூல் ரசிகர்களின் ஒரு பகுதியினர் பாய்ந்து விரட்ட, தப்பி ஓடியவர்கள் நெரிசலில் சிக்க, சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் இத்தாலியர்கள். சில மாதங்களில் ஐரோப்பிய கவுன்சில் பார்வையாளர் வன்முறைக்கு எதிராக ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. ரசிகர்கள் மைதானத்துக்குள் மது கொண்டுவருவதைத் தடை செய்ய வேண்டும்; உள்ளே மது விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டும், முடிந்தால் முழுவதும் நிறுத்த வேண்டும்; எந்தப் பானமாக இருந்தாலும் ஆபத்தில்லாத பாத்திரத்தில் தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. இன்றைக்குப் பல மைதானங்களில் தண்ணீரைக்கூடப் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றித் தருகிறார்களே, அதற்கு வேர் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தும் அதே ஆண்டு ஒரு சட்டம் போட்டது. இது விசித்திரமான சட்டம். மைதானத்தில் பீர் விற்கலாம், குடிக்கவும் செய்யலாம். ஆனால் ஆட்டம் நடக்கும் புல்வெளி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் குடிக்கக் கூடாது. அதனால் அங்கே ஒரு காட்சி வாராவாரம் அரங்கேறும். இடைவேளை விசில் அடித்ததும் இருக்கைக்குப் பின்னால் உள்ள நடைக்கூடத்துக்கு ஜனம் ஓடும். நீண்ட வரிசை. கையில் டம்ளர் வரும்போது இரண்டாம் பாதி தொடங்க நான்கைந்து நிமிடம்தான் இருக்கும். உள்ளே எடுத்துப் போக முடியாது, கீழே கொட்டவும் மனசு வராது. அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொண்டு ஓடுவார்கள். தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்து நிதானமாகச் சப்பியிருக்க வேண்டியது ஐந்து நிமிடத்தில் வயிற்றுக்குள் போகிறது. இங்கிலாந்து கால்பந்து நிர்வாகம் பற்றி நாடாளுமன்ற உறுப்பினர் ட்ரேசி க்ரௌச் தலைமையில் 2021-இல் வெளிவந்த அறிக்கை, இந்த விதியை மறுபடி யோசிக்க வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரான்சின் தடைக்கு மூலம் வேறு. 1991-இல் சுகாதார அமைச்சர் குளோட் எவின் பெயரால் வந்த சட்டம் அது. மது, புகையிலை விளம்பரங்களுக்குக் கடிவாளம் போடுவது அதன் முக்கிய வேலை. 2016 யூரோ கோப்பை அங்கே நடந்தபோது கார்ல்ஸ்பெர்க் என்ற பீர் நிறுவனம் ஸ்பான்சர். பணம் கட்டியாகிவிட்டது, ஆனால் மைதான ஓரத்துப் பலகையில் பெயரைப் போட முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் விளம்பர வாசகத்தில் வருகிற 'அநேகமாக' என்ற பொருள்கொண்ட ஆங்கிலச் சொல்லை, தங்களுடைய பச்சை நிறத்தில், தங்களுடைய எழுத்து வடிவத்தில் போட்டார்கள். தெரிந்தவர்களுக்குப் புரிந்தது. சட்டமும் மீறப்படவில்லை. மைதானத்துக்குள் ரசிகர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஆல்கஹாலே இல்லாத பீர்.

தடையால் பலன் உண்டா?

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே மூச்சில் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

குடித்த கூட்டத்தைச் சமாளிப்பது கடினம் என்பதில் சந்தேகம் கிடையாது. எதிரணி ரசிகர் சொன்ன ஒரு சொல் சிரிப்போடு போவதும் கைகலப்பில் முடிவதும் பல நேரம் எத்தனையாவது டம்ளர் என்பதைப் பொறுத்தது. கத்தாரில் இங்கிலாந்து, வேல்ஸ் ரசிகர்கள் ஒருவர்கூடக் கைதாகவில்லை என்று பிரிட்டன் காவல்துறை சொன்னது. அதற்கு முன்பு அந்த ரசிகர்கள் போன இடங்களை நினைத்துப் பார்த்தால் இது பெரிய விஷயம். ஆனால் கத்தார் பயணத்துக்கு ஆன செலவு கொஞ்சநஞ்சமல்ல; வந்த ரசிகர்களின் எண்ணிக்கையும் ரகமும் வேறு; முன்பு ரகளை செய்து தடை உத்தரவு வாங்கியவர்கள் நாட்டை விட்டே கிளம்ப முடியாது. இத்தனைக்கும் நடுவில் பீர் இல்லாததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

2016 ஜூன் 11-இல், அதே யூரோ கோப்பையின்போது, பிரான்சின் மார்சே நகரில் நடந்ததைப் பாருங்கள். இங்கிலாந்து-ரஷ்யா ஆட்டம். மைதானத்துக்குள் மது கிடையாது. ஆனால் துறைமுகத்தை ஒட்டிய மதுக்கடைகளில் இங்கிலாந்து ரசிகர்கள் நாட்கணக்கில் குடித்துக் கிடந்தார்கள். கலவரம் தெருவில் வெடித்தது. மறுநாளே உள்துறை அமைச்சர் பெர்னார் காஸ்னவ், ஆட்ட நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் பதற்றமான பகுதிகளில் மது விற்பனையையும் பொது இடத்தில் குடிப்பதையும் தடுக்கும்படி உள்ளூர் அதிகாரிகளுக்குச் சொன்னார். ஆனால் அங்கே மோசமாக அடித்தவர்கள் யார் என்று பிரெஞ்சு அரசு வழக்கறிஞர் விவரித்தபோது வேறு படம் கிடைத்தது: நன்றாகப் பயிற்சி பெற்ற, மின்னல் வேகத்தில் தாக்கிவிட்டு மறைகிற சுமார் 150 ரஷ்யர்கள். திட்டம் போட்டு அடிக்க வந்தவனைத் தடுப்பது பீர்த் தடையின் வேலை அல்ல.

2021 ஜூலை 11, லண்டன் வெம்ப்ளி. யூரோ இறுதி ஆட்டம் இரவு எட்டு மணிக்கு. கூட்டம் காலையிலிருந்தே சேர்ந்து, மைதானத்துக்குப் போகும் வழியில் குடித்துக்கொண்டிருந்தது. டிக்கெட் இல்லாத சுமார் 2,000 பேர் வாசல்களை உடைத்தும் நெரித்தும் உள்ளே புகுந்தார்கள். இதை விசாரித்த லூயிஸ் கேசியின் அறிக்கை, மதுவோடு கொக்கைனையும் காரணமாகச் சொன்னது. மைதானத்துக்குள் என்ன விற்றார்கள் என்பது அன்றைய பிரச்சினையே இல்லை. அதற்கு எட்டு மணி நேரம் முன்பு வெளியே என்ன நடந்தது என்பதுதான் பிரச்சினை. உள்ளே கிடைக்காது என்று தெரிந்தால், வாசலைத் தாண்டும் முன் எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஏற்றிக்கொள்கிற பழக்கமும் பலருக்கு உண்டு. கடைசி நிமிடம்வரை வெளியே நின்றுவிட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலில் முண்டியடிப்பது காவல்துறைக்கு இன்னொரு தலைவலி.

மதுவைப் பற்றிப் பேசும்போது இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த சோகத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. இது உள்நாட்டுக் கோப்பை ஆட்டம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் நெரிசலில் சிக்கி, கடைசியில் மொத்தம் 97 லிவர்பூல் ரசிகர்கள் இறந்தார்கள். குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம் என்று காவல்துறை தரப்பில் கதை கட்டப்பட்டது. இறந்தவர்களின் ரத்தத்தில் ஆல்கஹால் இருக்கிறதா என்று சோதித்தார்கள். குழந்தைகளின் ரத்தத்தையும் விடவில்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதில் காவல்துறை தவறியதுதான் முக்கியக் காரணம் என்று அதே ஆண்டு ஆகஸ்டிலேயே, இதை விசாரித்த நீதிபதி டெய்லரின் இடைக்கால அறிக்கை சொல்லிவிட்டது. ஆனாலும் ரசிகர்கள்மீது எந்தத் தவறும் இல்லை என்று மரண விசாரணையில் நடுவர் குழு தீர்ப்புச் சொல்ல 2016 வரை ஆனது. 'குடிகாரக் கூட்டம்' என்ற வார்த்தை நிர்வாகத்துக்கு எவ்வளவு வசதியான போர்வை என்பதை அந்த 27 ஆண்டுகளில் இறந்தவர்களின் குடும்பங்கள் பார்த்தார்கள்.

நடைமுறையில் பெரும்பாலான போட்டி அமைப்பாளர்கள் முழுத் தடைக்கும் முழுத் தாராளத்துக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா, சாம்பியன்ஸ் லீக் போன்ற தன் கிளப் போட்டிகளில் இருந்த மதுத் தடையை 2018-இல் விலக்கிக்கொண்டு, உள்ளூர்ச் சட்டம் அனுமதித்தால் விற்கலாம் என்று சொல்லிவிட்டது. 2024 யூரோ கோப்பை ஜெர்மனியில் நடந்தது. பீர் அந்த நாட்டில் எவ்வளவு சாதாரணம் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கேயே கெல்சன்கிர்ஷனில் செர்பியா-இங்கிலாந்து ஆட்டத்தை ஆபத்து அதிகமான ஆட்டம் என்று வகைப்படுத்தி, மைதானத்தில் வீரியம் குறைந்த பீரை மட்டும் விற்றார்கள். ரசிகர் கையில் டம்ளர் இருக்கிறது, வாசலில் அவசரம் இல்லை, போதையும் தலைக்கு ஏறுவதில்லை. எனக்கு இருப்பதிலேயே புத்திசாலித்தனமான ஏற்பாடு இதுதான் என்று படுகிறது, குடிப்பவர்கள் இதைப் பீர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றாலும்.

அடுத்தது சவூதி

2034 உலகக் கோப்பை சவூதி அரேபியாவுக்கு என்று 2024 டிசம்பரில் முடிவானது. இரண்டு மாதம் கழித்து, பிரிட்டனுக்கான சவூதி தூதர் இளவரசர் காலித் பின் பந்தர் ஒரு வானொலிப் பேட்டியில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: மைதானத்தில் மட்டுமல்ல, ஹோட்டலிலும் மது கிடைக்காது, மது இல்லாமலும் சந்தோஷமாக இருக்கலாம். கத்தாரோடு ஒப்பிட்டால் இது வேறு வகைத் தடை. அங்கே வேலிக்கு உள்ளேயா வெளியேயா என்பது பிரச்சினை. இங்கே வேலியே கிடையாது, நாடு முழுக்க ஒரே விதி. விருந்தினர் அறைக்காரருக்கும் கடைசி வரிசைக்காரருக்கும் ஒரே டம்ளர்தான் என்றால், அந்த வகையில் இது கத்தாரைவிட நேர்மையானது என்றுகூடச் சொல்லலாம். ஒன்பது ஆண்டு முன்னதாகவே தெரிந்துவிட்டதால், ஏமாந்துவிட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது.

கத்தாரில் அவ்வளவு அவமானப்பட்ட ஏபி இன்பெவ் கோபித்துக்கொண்டு போகவில்லை. 2023-இலேயே ஃபிஃபாவுடன் மறுபடி கையெழுத்துப் போட்டு, 2026 உலகக் கோப்பை வரை ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டது. பீரே இல்லாத 2034-க்கு மைதான ஓரத்துப் பலகையை எந்த பீர் நிறுவனம் வாங்கும், அதில் என்ன எழுதும் என்பதைப் பார்க்கத்தான் எனக்கு ஆவலாக இருக்கிறது. கார்ல்ஸ்பெர்க்குக்கு ஒரு சொல்லாவது மிஞ்சியது.